உழவரின் வீட்டில் விருந்தினர்: இத்தாலியின் வேளாண் விருந்தோம்பல்

வேளாண்மையை மட்டுமே நம்பி வாழும் குடும்பத்தின் வருமானம், தொழில் வளர்ச்சி பெற்ற நாடுகளிலும்கூட நகர வருமானத்தைவிடப் பின்தங்கியே நிற்கிறது. விளைபொருளின் விலையை உழவர் நிர்ணயிப்பதில்லை. இடுபொருளின் விலையும் அவர் கையில் இல்லை. இவ்விரண்டுக்கும் இடையே நெருக்குண்ட உழவர் நிலத்தை விட்டு வெளியேறாமல் இருக்க வேண்டுமெனில், நிலத்தைச் சார்ந்தே மற்றொரு வருமானம் அவருக்குக் கிடைக்க வேண்டும். பண்ணை வீட்டில் விருந்தினரைத் தங்கவைத்து, பண்ணையில் விளைந்ததைச் சமைத்துப் பரிமாறி, அதன் முற்றத்தைத் திருமணம் போன்ற விழாக்களுக்கு வாடகைக்கு விடுவது அத்தகைய வருமான வழிகளுள் ஒன்றாகும்.

இம்முயற்சியைச் சட்டத்தின் துணையோடு விரிவாக வளர்த்தெடுத்த நாடுகளுள் இத்தாலி முதன்மையானது. அங்கு இதனை ‘அக்ரிதூரிஸ்மோ’ என்று அழைக்கின்றனர். வேளாண்மை, சுற்றுலா என்னும் இரு சொற்கள் இணைந்து பிறந்த பெயர் இது. 2003ஆம் ஆண்டில் ஏறத்தாழ 13,000 ஆக இருந்த இத்தகைய பண்ணைகள், 2022ஆம் ஆண்டில் 25,000க்கும் அதிகமாகப் பெருகியிருந்தன. இவற்றுள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவை குன்றுப் பகுதிகளிலும் மலைப் பகுதிகளிலும் அமைந்துள்ளன. அதாவது, சமவெளி வேளாண்மையோடு போட்டியிட இயலாத நிலங்களிலேயே இவை வேரூன்றியுள்ளன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பண்ணைகளைப் பெண்கள் நடத்தி வருகின்றனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

எண்ணிக்கை பெருகியது ஒருபுறமிருக்க, இம்முயற்சியின் உள்ளே ஓர் அடிப்படைக் கேள்வியும் இருக்கிறது. விருந்தினர் வருகை பண்ணையைக் காப்பாற்றுகிறதா, அன்றிப் பண்ணையை வெறும் காட்சிப் பொருளாக்கி வேளாண்மையை வெளியேற்றுகிறதா? இத்தாலியச் சட்டம் இக்கேள்விக்கு விடைகாண முயன்ற விதமே நிர்வாகத் துறையினருக்கும் மாணவர்களுக்கும் பயன்தரும் பாடமாக அமைகிறது.

காலியான வீடுகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலி பெரும்பாலும் வேளாண் நாடாகவே இருந்தது. 1951ஆம் ஆண்டில் உழைக்கும் மக்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் வேளாண்மையில் ஈடுபட்டிருந்தனர். அடுத்த இருபது ஆண்டுகளில் அவ்விகிதம் இருபதுக்கும் கீழே இறங்கிவிட்டது. தென்பகுதி உழவர் குடும்பங்கள் மிலான், தூரின் முதலிய வடநாட்டுத் தொழில் நகரங்களை நோக்கியும், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற அயல்நாடுகளை நோக்கியும் சென்றன.

நடு இத்தாலியில் நிலைமை வேறு வடிவம் கொண்டிருந்தது. டஸ்கனி, உம்பிரியா முதலிய பகுதிகளில் நூற்றாண்டுகளாக வாரச் சாகுபடி முறை வழங்கிவந்தது. நிலவுடைமையாளர் நிலத்தையும் வீட்டையும் கொடுப்பார். உழவர் குடும்பம் அங்கேயே குடியிருந்து பயிரிட்டு விளைச்சலில் ஏறத்தாழப் பாதியை அளிக்கும். இம்முறையில் புதிய ஒப்பந்தங்கள் செய்வதை 1964ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. குடியானவர்கள் முன்னரே நகரங்களுக்குச் செல்லத் தொடங்கியிருந்தனர். ஆயிரக்கணக்கான கல் வீடுகள் ஆளின்றி நின்றன. கூரை இடிந்த வீடுகளைப் பழுதுபார்க்கும் செலவை, சரியும் வேளாண் வருமானத்திலிருந்து எடுக்க இயலவில்லை.

இச்சூழ்நிலையில்தான் 1965ஆம் ஆண்டில், நாட்டின் பெரிய வேளாண் அமைப்புகளுள் ஒன்றின் ஆதரவில் ‘அக்ரிதூரிஸ்ட்’ என்னும் சங்கம் நிறுவப்பட்டது. நகர மக்களைப் பண்ணைக்கு அழைத்து, காலியாகக் கிடந்த அறைகளை வாடகைக்கு விடுவதே அதன் தொடக்க நோக்கம். பின்னர் பிற உழவர் அமைப்புகளும் இத்துறையில் இறங்கின. ஆல்ப்ஸ் மலைப் பகுதியிலுள்ள திரெந்தோ, போல்சானோ மாநிலங்கள் 1970களிலேயே இதற்கான ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தன. இவ்வாறு கீழிருந்து எழுந்த முயற்சிக்கு, 1985ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் இயற்றப்பட்ட 730ஆம் எண் சட்டம் தேசிய அங்கீகாரம் அளித்தது.

கோட்டை போன்ற பண்ணை

இத்தாலியின் தென்கிழக்கு மூலையில், ஆட்ரியாட்டிக் கடலுக்கும் அயோனியக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் பூலியா மாநிலம் இவ்வகை விருந்தோம்பலுக்கு இன்று உலகப் புகழ் பெற்றுள்ளது. இங்குள்ள பண்ணை வீடுகள் ‘மசேரியா’ என்று அழைக்கப்படுகின்றன.

மசேரியா என்பது ஒரு வீடு மட்டுமன்று. தன்னிறைவு கொண்ட ஓர் உற்பத்தி நிலையம். பரந்த நிலவுடைமையின் நடுவே அமைந்த இக்கட்டடத் தொகுதியில் உடைமையாளரின் இல்லம், உழைப்பாளர் குடியிருப்பு, கால்நடைத் தொழுவம், தானியக் கிடங்கு, சிறு வழிபாட்டுக்கூடம் ஆகியவை ஒரு முற்றத்தைச் சூழ்ந்து நிற்கும். பல மசேரியாக்களில் பாறையைக் குடைந்து அமைத்த நிலத்தடி எண்ணெய்ச் செக்குகளும் உண்டு. ஒலிவ எண்ணெய் குளிரில் உறையாமல் இருக்க நிலத்தடியின் சீரான வெப்பம் உதவியது. கடற்கரையை ஒட்டியவை கோட்டையைப் போன்ற தோற்றமுடையவை. 1480ஆம் ஆண்டில் ஒத்தோமானியப் படை ஒத்ராந்தோ நகரைக் கைப்பற்றியதும், அதன் பின்னும் தொடர்ந்த கடற்கொள்ளை அச்சமும் தடித்த சுவர்களையும் காவல் கோபுரங்களையும் இன்றியமையாதவை ஆக்கின.

பூலியாவின் நிலம் சுண்ணாம்புப் பாறையால் ஆனது. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே கீழிறங்கிவிடுவதால் நிலப்பரப்பில் ஆறுகள் அரிது. எனவே மசேரியாவின் கூரையும் முற்றமும் மழைநீரைத் தொட்டிகளில் சேர்க்கும் வண்ணம் கட்டப்பட்டன. மலைத் தொடருக்கு அப்பாலிருந்து செலே ஆற்று நீரைக் கொண்டுவரும் பூலியா நீர்க்குழாய்த் திட்டம் 1906இல் தொடங்கி 1915இல் பாரி நகரை எட்டிய பின்னரே குடிநீர்த் தட்டுப்பாடு ஓரளவு நீங்கியது. நீரின் அருமையை அறிந்து கட்டப்பட்ட இவ்வீடுகளில் இன்று நீச்சல் குளங்களும் புல்வெளிகளும் தோன்றியுள்ளமை, பின்னர் ஆராயவிருக்கும் முரண்பாட்டின் ஒரு பகுதியாகும்.

1950ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் பெருநில உடைமைகளின் ஒரு பகுதியைப் பிரித்து நிலமற்றோருக்கு வழங்கின. இதனோடு உழைப்பாளரின் வெளியேற்றமும் சேர்ந்துகொள்ள, பெரிய மசேரியாக்கள் பல பயனற்றுப்போயின. அவற்றை மீட்டெடுத்தது ஒருபுறம் அக்ரிதூரிஸ்மோ சட்டம்; மறுபுறம் உல்லாச விடுதித் தொழிலின் முதலீடு. ஒரே வகைக் கட்டடத்தில் இயங்கினாலும் இவ்விரண்டும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறானவை.

சட்டத்தின் இரு தூண்கள்

1985ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2006ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் இயற்றப்பட்ட 96ஆம் எண் சட்டம் இன்று நாடு முழுமைக்கும் பொதுவான வரையறைகளைத் தருகிறது. விரிவான விதிகளை ஒவ்வொரு மாநிலமும் தன் சூழலுக்கேற்ப வகுத்துக்கொள்கிறது. இச்சட்டம் இரண்டு கோட்பாடுகளைத் தாங்கி நிற்கிறது.

முதலாவது, தொடர்புக் கோட்பாடு. விருந்தோம்பலை நடத்துபவர் வேளாண் தொழில் செய்பவராக இருத்தல் வேண்டும். தம் சொந்தப் பண்ணையின் நிலம், கட்டடம், விளைபொருள், உழைப்பு ஆகியவற்றைப் பயன்படுத்தியே அவர் விருந்தினரை ஏற்க வேண்டும். நிலமில்லாதவர் பண்ணையின் தோற்றத்தில் ஒரு கட்டடம் எழுப்பி இப்பெயரைச் சூட்டிக்கொள்ள இயலாது. பண்ணையில் முன்னரே உள்ள கட்டடங்களையே இதற்குப் பயன்படுத்த வேண்டும் என்பதால், புதிய கட்டடங்கள் விளைநிலத்தை விழுங்குவதும் தடுக்கப்படுகிறது.

இரண்டாவது, மேலோங்கல் கோட்பாடு. வேளாண்மையே முதன்மைத் தொழிலாக நீடிக்க வேண்டும். விருந்தோம்பல் அதற்குத் துணையாக மட்டுமே இருக்கலாம். இதனை வருமானத்தைக் கொண்டு அளந்தால் பெரும்பாலான பண்ணைகள் தோல்வியுறும். ஒரு டன் ஒலிவக் காயின் விலையோடு சில நாள் அறை வாடகையை ஒப்பிட்டால் வாடகையே எளிதில் மேலோங்கிவிடும். ஆகவே சட்டம் உழைப்பு நேரத்தையே அளவுகோலாகக் கொண்டது. ஒவ்வொரு பயிருக்கும் எக்டேருக்கு எத்தனை உழைப்பு நாள், ஒவ்வொரு கால்நடைக்கும் ஆண்டுக்கு எத்தனை உழைப்பு நாள் என்னும் அட்டவணைகளை மாநிலங்கள் பயன்படுத்துகின்றன.

இக்கணக்கு இயங்கும் முறையை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு குடும்பத்திற்கு ஒலிவத் தோப்பும் காய்கறித் தோட்டமும் சில ஆடுகளும் உள்ளன எனவும், அட்டவணைப்படி இவற்றிற்கு ஆண்டுக்கு 400 உழைப்பு நாள்கள் தேவை எனவும் கொள்வோம். அறைகளைப் பேணுதல், சமைத்தல், பரிமாறுதல் ஆகியவற்றிற்கான உழைப்பு நாள்கள் அந்த 400ஐ விஞ்சக் கூடாது. குடும்பம் மேலும் அறைகளைத் திறக்க விரும்பினால், முதலில் சாகுபடியை விரிவாக்க வேண்டும். விருந்தினர் எண்ணிக்கைக்கான உச்சவரம்பைப் பண்ணையின் பரப்பும் பயிரும் இவ்வாறு தாமே நிர்ணயிக்கின்றன. பத்து விருந்தினருக்கு மிகாமல் ஏற்கும் சிறு பண்ணைகளில் வேளாண்மை மேலோங்கியிருப்பதாகவே கருத வேண்டும் எனச் சட்டம் கூறுவதால், சிறு உழவர்கள் இக்கணக்கின் சுமையிலிருந்து விடுபடுகின்றனர்.

விருந்தோம்பலில் ஈடுபடும் குடும்ப உறுப்பினரும் பணியாளரும் சமூகப் பாதுகாப்புச் சட்டங்களின்படி வேளாண் தொழிலாளராகவே கருதப்படுகின்றனர். அறையைத் துப்புரவு செய்யும் கையும் காய் பறிக்கும் கையும் ஒன்றே என்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

உணவு மேசையின் பொருளாதாரம்

அக்ரிதூரிஸ்மோ பண்ணைகளில் ஏறத்தாழப் பாதி உணவும் வழங்குகின்றன. பரிமாறப்படும் உணவில் பெரும்பகுதி சொந்தப் பண்ணையிலும் அண்டைப் பண்ணைகளிலும் விளைந்ததாக இருத்தல் வேண்டும். எத்தனை விழுக்காடு என்பதை மாநில விதிகள் குறிப்பிடுகின்றன. மொத்தச் சந்தையில் வாங்கிய பொருளைக் கொண்டு முழு உணவுப் பட்டியலையும் நடத்துவதற்கு அனுமதி இல்லை.

பூலியாவின் உணவு முறை இவ்விதிக்கு இயல்பாகவே பொருந்துகிறது. அது செல்வர் வீட்டு உணவாக அன்றி, உழைப்பாளர் வீட்டு உணவாகத் தோன்றியது. கடினக் கோதுமை மாவையும் நீரையும் மட்டும் பிசைந்து, கட்டை விரலால் அழுத்திச் செய்யப்படும் ‘ஒரெக்கியெத்தே’ சிறு காதின் வடிவில் இருக்கும்; அதன் பெயருக்கும் அதுவே பொருள். இதனை ஒருவகைக் கீரைப் பூந்தண்டுகளுடன் சேர்த்து உண்பர். உலர்ந்த அகன்ற மொச்சையை வேகவைத்து மசித்து, காட்டுச் சிக்கரிக் கீரையோடும் ஒலிவ எண்ணெயோடும் பரிமாறுவது மற்றோர் அன்றாட உணவு. ஆந்திரியா நகரப் பகுதியில் தோன்றிய ‘புர்ராத்தா’ பாலாடைக்கட்டியும் புகழ் பெற்றது. அல்தமூரா ரொட்டி 2003ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தோற்ற இடப் பாதுகாப்பு முத்திரையைப் பெற்றது. அப்பெயரை அப்பகுதிக் கோதுமையால், வரையறுக்கப்பட்ட முறையில் சுட்ட ரொட்டிக்கு மட்டுமே இடலாம். மத்தியதரைக் கடல் நாடுகளின் உணவு முறையை 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபாக ஏற்றுக்கொண்டதும் இவ்வுணவின் மதிப்பை உயர்த்தியது.

இங்கு நிகழ்வது மதிப்புக் கூட்டலேயாகும். மொச்சையை மூட்டையாக விற்கும் உழவருக்கு மொத்த வணிகர் தரும் விலைதான் கிடைக்கும். அதே மொச்சையைச் சமைத்துத் தம் மேசையில் பரிமாறும்போது இடைத்தரகர், போக்குவரத்து, சில்லறை வணிகர் ஆகியோருக்குச் செல்லும் பங்கு பண்ணையிலேயே தங்கிவிடுகிறது. அதற்கும் மேலாக, உண்டு மகிழ்ந்த விருந்தினர் எண்ணெயையும் பாலாடைக்கட்டியையும் வாங்கிச் செல்கின்றனர். சந்தையில் விலைபோகாமையால் கைவிடப்படவிருந்த உள்ளூர்ப் பயிர் வகைகள் மேசையின் தேவையால் தோட்டத்தில் நீடிக்கின்றன.

திருமண முற்றம்

அண்மைக் காலத்தில் மசேரியாக்களுக்கு மிகுந்த வருமானம் தருவது திருமண விழாவாகும். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர்களும் தொன்மையான ஒலிவ மரங்களும் சூழ்ந்த முற்றத்தில் மணம் முடிக்க இத்தாலியர் மட்டுமன்றி வெளிநாட்டினரும் வருகின்றனர். இந்தியர்களும் இதற்கு விலக்கல்லர். கிரிக்கெட் வீரர் விராட் கோலி, நடிகை அனுஷ்கா சர்மா ஆகியோரின் திருமணம் 2017 டிசம்பரில் டஸ்கனியில், புதுப்பிக்கப்பட்ட பழைய சிற்றூர் ஒன்றில் நடைபெற்றது.

இத்தாலியக் குடிமையியல் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, பதிவுத் திருமணம் நகராட்சி இல்லத்தில், அதற்குரிய அலுவலர் முன்னிலையில், பொதுமக்கள் காணும் வண்ணம் நடைபெற வேண்டும். அவ்வாறாயின் பண்ணை முற்றத்தில் நடைபெறும் மணம் எவ்வாறு செல்லும்? 2000ஆம் ஆண்டின் 396ஆம் எண் ஆணை, நகராட்சிகள் தம் பதிவு அலுவலகத்தின் கிளைகளைப் பிற இடங்களிலும் நிறுவ இடமளிக்கிறது. இதனைப் பயன்படுத்தி, குறிப்பிட்ட மசேரியாவின் ஓர் அறையையோ முற்றத்தையோ திருமணத்திற்குரிய தனி அலுவலகமாக நகராட்சி மன்றங்கள் அறிவிக்கின்றன. இதற்கான கட்டணம் நகராட்சிக்குச் சேர்கிறது. சட்டத்தை மாற்றாமலேயே நிர்வாக வழியில் ஒரு சிற்றூரின் வருமானம் பெருக வழி காணப்பட்டமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

திருமண வருமானத்தின் பயன் உள்ளூரில் பரவுகிறது. சமையலர், பூ வணிகர், இசைக் குழுவினர், வாகன ஓட்டுநர் எனப் பலருக்கு வேலை கிடைக்கிறது. வெளிநாட்டவர் திருமணங்கள் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை நடைபெறுகின்றன. ஒலிவ அறுவடையோ அக்டோபரில் தொடங்குகிறது. ஆகவே தோப்பில் வேலை குறைந்த மாதங்களில் விழா வேலையும், விழா ஓய்ந்த மாதங்களில் அறுவடை வேலையும் கிடைக்க வாய்ப்புண்டு. தக்காளியும் திராட்சையும் பயிரிடும் பண்ணைகளில் மட்டும் இவ்விரு பருவங்களும் மோதிக்கொள்கின்றன.

எனினும் இருநூறு பேர் உண்ணும் திருமண விருந்துக்கும் பத்துப் பேர் தங்கும் பண்ணை வீட்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரிது. ஒரே இரவில் தேவைப்படும் உணவைச் சிறு பண்ணை தன் தோட்டத்திலிருந்து தர இயலாது. இரைச்சல், ஊர்தி நெரிசல், கழிவு, நீர்ச் செலவு ஆகியவை அண்டை உழவர்களைப் பாதிக்கின்றன. விழாவுக்கெனத் தோப்பின் ஒரு பகுதி வாகனம் நிறுத்தும் இடமாகிறது. வறண்ட நிலத்தில் புல்வெளிக்கு நீர் பாய்ச்சப்படுகிறது. இந்நிலைக்கு வந்த மசேரியாக்களில் பல அக்ரிதூரிஸ்மோ என்னும் வரையறையை விட்டு, விடுதி அல்லது விருந்து மண்டபம் என்ற உரிமத்தின் கீழ் இயங்குகின்றன. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜி-7 நாடுகளின் உச்சி மாநாடு நடைபெற்ற பசானோ அருகிலுள்ள ‘போர்கோ எஞாத்சியா’ விடுதி, பூலியாவின் பழைய சிற்றூர்களையும் பண்ணைகளையும் பின்பற்றிப் புதிதாகக் கட்டப்பட்டதாகும். அது தன்னளவில் சிறந்த தொழில் நிறுவனமாக விளங்கலாம். ஆனால் அது உழவரின் துணைத் தொழில் அன்று. இவ்விரண்டையும் பெயரளவிலேனும் பிரித்துக் காட்டுவதே சட்டத்தின் கடமை.

சலுகையும் கண்காணிப்பும்

இவ்வேறுபாட்டில் அரசு இத்துணை அக்கறை காட்டுவதற்கு வரியும் ஒரு காரணம். நிறுமங்களாக அமையாத உழவர்கள், அக்ரிதூரிஸ்மோ வருவாயில் 25 விழுக்காட்டை மட்டும் வரிக்குரிய இலாபமாகக் கணக்கிட்டுக்கொள்ள 1991ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. மதிப்புக் கூட்டு வரியிலும் பாதியைக் கழித்துக்கொள்ளும் எளிய முறை வகுக்கப்பட்டது. கணக்கர் வைத்துக்கொள்ள வசதியற்ற குடும்பங்களுக்கு இது பேருதவி. ஆனால் முழு வரி செலுத்தும் உணவகங்களும் விடுதிகளும், அதே வாடிக்கையாளரை அதே சேவையால் ஈர்க்கும் பண்ணைக்கு மட்டும் சலுகை ஏன் என்று வினவுவது இயல்பே. சலுகை விரிந்தால் போலிகள் பெருகும். போலிகள் பெருகினால் சலுகைக்கான நியாயம் அழியும். எனவே உழைப்பு நாள் கணக்கையும் உணவுப் பொருளின் தோற்றத்தையும் சரிபார்ப்பது, உண்மையான உழவரைக் காக்கும் செயலாகவும் அமைகிறது.

தரத்தை விருந்தினர் அறிந்துகொள்ள, 2013ஆம் ஆண்டில் நாடு தழுவிய தர வகைப்பாடு கொண்டுவரப்பட்டது. விடுதிகளுக்கு நட்சத்திரம் போல, பண்ணைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை சூரியகாந்திப் பூ அடையாளமாக வழங்கப்படுகிறது. அறையின் வசதியோடு பண்ணைச் சூழல், உள்ளூர் உணவு, வேளாண் நடவடிக்கை ஆகியவையும் இதில் மதிப்பிடப்படுகின்றன.

விருந்தினர் காணாதவை

அழகிய முற்றத்திற்கு அப்பால் இரண்டு நெருக்கடிகள் உள்ளன. முதலாவது தாவர நோய். 2013ஆம் ஆண்டில் பூலியாவின் தென்கோடியான சாலெந்தோவில், காலிப்பொலி நகருக்கு அருகே ‘சைலெல்லா’ என்னும் நுண்ணுயிரி ஒலிவ மரங்களைத் தாக்குவது கண்டறியப்பட்டது. மரத்தின் நீர்க்குழல்களை அடைத்து அதனைக் காயவைக்கும் இந்நோயைச் சாற்றை உறிஞ்சும் நுரைப்பூச்சி பரப்புகிறது. இலட்சக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. நோயைத் தாங்கும் ‘லெச்சினோ’ முதலிய வகைகள் இப்போது நடப்படுகின்றன. ஆயினும் பல நூற்றாண்டு வயதுடைய மரத்தின் இடத்தை இளங்கன்று நிரப்ப இயலாது. தொன்மையான ஒலிவ மரங்களைக் காக்க 2007ஆம் ஆண்டிலேயே பூலியா தனிச் சட்டம் இயற்றியிருந்தது. நோய்க்கு எதிராகச் சட்டம் மட்டும் போதவில்லை. தோப்பு பட்டுப்போனால் அறை வாடகைக்கு ஆதாரமான நிலக்காட்சியும் மறைகிறது. பண்ணையைப் பேணாத விருந்தோம்பல் நெடுநாள் நில்லாது என்பதை இது உணர்த்துகிறது.

இரண்டாவது உழைப்பாளர் நிலை. தென் இத்தாலிய வயல்களில் தக்காளியும் திராட்சையும் பறிப்போரில் பலர் அயல்நாட்டினர். இடைத்தரகர் வழியே குறைந்த கூலிக்கு அமர்த்தப்படும் கொடுமையைத் தண்டிக்க 2016ஆம் ஆண்டில் 199ஆம் எண் சட்டம் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. எனினும் 2024 ஜூன் மாதத்தில், ரோம் நகருக்குத் தெற்கேயுள்ள லத்தீனா பகுதியில், பண்ணை இயந்திரத்தில் கை துண்டிக்கப்பட்ட இந்தியத் தொழிலாளி ஒருவர் உரிய உதவியின்றிக் கைவிடப்பட்டு உயிரிழந்த நிகழ்ச்சி நாட்டையே உலுக்கியது. விருந்தினருக்குப் பரிமாறப்படும் உணவு எந்நிலத்தில் விளைந்தது என்பதை அறிவிக்கும் முத்திரைகள் உள்ளன. அது யாருடைய உழைப்பில், எத்தகைய நிலையில் விளைந்தது என்பதை அறிவிக்கும் வழி இன்னும் உறுதிப்படவில்லை.

இந்தியச் சூழலில்

இந்தியாவில் ஊரகச் சுற்றுலாவுக்கான மத்திய அரசின் திட்டம் பத்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தொடங்கியது. மகாராஷ்டிரத்தில் பாராமதி வட்டாரத்தில் தோன்றிய வேளாண் சுற்றுலா முயற்சிகள் பரவியதைத் தொடர்ந்து, அம்மாநில அரசு 2020ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிக் கொள்கையை வகுத்தது. கேரளத்தின் பொறுப்புச் சுற்றுலா இயக்கம், உள்ளூர் விளைபொருளை விடுதிகள் கொள்முதல் செய்ய ஊக்கமளித்தது. 2023 நவம்பரில் வானொலி உரையில் பிரதமர், செல்வந்தர் குடும்பங்கள் திருமணங்களை வெளிநாட்டில் நடத்தாமல் இந்திய மண்ணிலேயே நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டதும் நினைவுகூரத்தக்கது.

இத்தாலிய முறையை அப்படியே பெயர்த்து நடுவது பொருந்தாது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தாலியப் பண்ணையின் சராசரிப் பரப்பு ஏறத்தாழ 11 எக்டேர். இந்தியாவில் 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி அது 1.08 எக்டேர் மட்டுமே. உடைமைகளில் ஏறத்தாழ 86 விழுக்காடு சிறு, குறு உழவருடையவை. அங்கே காலியான கல் வீடுகள் மூலதனமாக அமைந்தன. இங்கே சிறு உழவரின் வீட்டில் விருந்தினருக்கெனத் தனி அறை இருப்பதே அரிது. எனவே திட்டமின்றி விட்டுவிட்டால், ‘பண்ணை’ என்னும் பெயரின் பயனை நகரை ஒட்டி நிலம் வாங்கி விருந்து மண்டபம் கட்டுவோரே பெறுவர். அருகிலுள்ள உழவருக்கு எஞ்சுவது நில விலை உயர்வும் நீர்மட்டத் தாழ்வும் மட்டுமே.

ஆயினும் இத்தாலிய அனுபவத்தின் சாரத்தை நம் சூழலுக்கேற்பப் பயன்படுத்தலாம். உண்மையில் சாகுபடி செய்பவருக்கே வேளாண் சுற்றுலா உரிமம் என்னும் விதி முதலாவது. விருந்தினர் எண்ணிக்கையைச் சாகுபடி அளவோடு இணைப்பது இரண்டாவது. உணவில் குறிப்பிட்ட பங்கு அவ்வூர்ப் பண்ணைகளிலிருந்தே பெறப்பட வேண்டும் என்பது மூன்றாவது. தனித்தனியே இயலாத சிறு உழவர்கள் கூட்டுறவுச் சங்கமாகவோ உற்பத்தியாளர் நிறுவனமாகவோ ஒன்றிணைந்து, ஒருவர் அறையும் மற்றொருவர் உணவும் வேறொருவர் விழா முற்றமும் அளிக்கலாம்; மகளிர் சுய உதவிக் குழுக்கள் சமையல் பொறுப்பை ஏற்கலாம். பெருவிழாக்களுக்கு நீர்ப் பயன்பாடு, கழிவு நீக்கம், ஒலி அளவு ஆகியவை குறித்து ஊராட்சியின் இசைவைக் கட்டாயமாக்கி, கட்டணத்தில் ஒரு பங்கை ஊராட்சிக்கே அளிக்கலாம்.

வேளாண் வருமானத்திற்கு இந்தியாவில் வருமான வரி விலக்கு உண்டு. விருந்தோம்பல் வருமானம் அதில் அடங்காது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடைபெறும்போது எங்கே கோடு கிழிப்பது என்பதை அலுவலர் முன்கூட்டியே தெளிவாக்காவிட்டால், நேர்மையான உழவர் தயங்குவார், தந்திரமானவர் பயனடைவார்.

விருந்தினர் தரும் பணம் நிலையற்றது. 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் வெளிநாட்டுப் பயணிகளின் வருகை வீழ்ந்தபோது இத்தாலியப் பண்ணைகளின் அறைகளும் காலியாயின. ஆனால் தோட்டத்தில் காய்கள் விளைந்தன. ஆடுகள் பால் தந்தன. வேளாண்மையைக் கைவிடாத பண்ணைக்கு அன்று ஓர் ஊன்றுகோல் எஞ்சியிருந்தது. வேளாண்மையே மேலோங்க வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தியதன் பொருள், இடர்க் காலத்தில்தான் முழுமையாக விளங்குகிறது. ஊரக வளர்ச்சித் திட்டங்களை வகுப்போர் விருந்தினர் எண்ணிக்கையோடு, அதே பண்ணைகளில் பயிரிடப்படும் பரப்பையும் ஆண்டுதோறும் கணக்கெடுப்பார்களாயின், உழவரின் வீடு உழவரின் வீடாகவே நீடிக்கிறதா என்பது தெரியவரும்.